சென்னையில் வண்டி இல்லாமல் குடும்பம் நடத்த முடியுமா?

கேள்வி இதுதான்: மதுரையிலிருந்து ஒரு குடும்பம் சென்னைக்கு மாறி வருகிறது. கணவருக்குக் கிண்டியில் வேலை, மனைவிக்கு டைடல் பார்க் பக்கம். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகளும், அறுபது வயதைத் தாண்டிய அம்மாவும் உடன் வருகிறார்கள். "வண்டி வாங்காமல் பஸ், ரயில், மெட்ரோவை நம்பி இருக்க முடியுமா? மாதம் எவ்வளவு ஆகும்?" என்று கணவர் கேட்டிருக்கிறார்.

முடியும். பல வருடங்களாக நானும் அப்படித்தான் வேலைக்குப் போய் வருகிறேன். ஆனால் எவ்வளவு ஆகும் என்ற கேள்வியை இரண்டாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். டிக்கெட்டுக்கு ஆகிற பணம் ஒன்று. காத்திருக்கிற நேரம் இன்னொன்று. சென்னையில் முதலாவது குறைவு, நாட்டின் பெரிய நகரங்களோடு ஒப்பிட்டால் மிகவும் குறைவு. இரண்டாவதுதான் கையைக் கடிக்கும்.

பணக் கணக்கை முதலில் முடித்துவிடலாம். மாநகரப் பேருந்தில் சாதாரணக் கட்டணம் ஐந்து ரூபாயில் தொடங்குகிறது. டீலக்ஸ் பஸ்ஸில் ஏறினால் ஏறத்தாழ இரண்டு மடங்கு, ஏசி பஸ் குறைந்தபட்சம் 15 ரூபாய். ஏசி இல்லாத எல்லா பஸ்ஸிலும் எத்தனை முறை வேண்டுமானாலும் ஏறி இறங்க 1,000 ரூபாய்க்கு மாதப் பாஸ் இருக்கிறது. 2025 மார்ச்சிலிருந்து ஏசி பஸ்ஸையும் சேர்த்து 2,000 ரூபாய்ப் பாஸ் வந்திருக்கிறது. மின்சார ரயிலின் கட்டணம் இதைவிடக் குறைவு. கடற்கரை நிலையத்திலிருந்து தாம்பரம் கிட்டத்தட்ட 30 கிலோமீட்டர், டிக்கெட் 10 ரூபாய். அதே தூரத்துக்கு மாத சீசன் டிக்கெட் எடுத்தால் 200 ரூபாய்க்குள் முடிந்துவிடும். மெட்ரோ 10 ரூபாயில் தொடங்கி 50 ரூபாயில் நிற்கிறது. கியூஆர் டிக்கெட்டோ கார்டோ பயன்படுத்தினால் 20 சதவீதம் தள்ளுபடி. பத்துக் கிலோமீட்டர் தூரத்துக்கு 30 ரூபாய் டிக்கெட் 24 ரூபாய்க்கு வரும். போக வர 48, மாதம் இருபத்தைந்து நாள் வேலை என்றால் 1,200.

இதை ஒரு ஸ்கூட்டரோடு வைத்துப் பாருங்கள். தினம் 20 கிலோமீட்டர் ஓட்டினால் மாதம் 500 கிலோமீட்டர். லிட்டருக்கு 45 என்று வைத்தால் பதினொரு லிட்டர். லிட்டர் நூறு ரூபாயை ஒட்டி நிற்கும்போது பெட்ரோலுக்கு மட்டும் 1,100 ரூபாய். தவணை, இன்ஷூரன்ஸ், சர்வீஸ், டயர் எல்லாம் அதற்கு மேல். பஸ் பாஸின் முழு விலையும் பெட்ரோல் செலவுக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அப்படியிருந்தும் சம்பளம் கொஞ்சம் கூடியதும் மக்கள் ஏன் முதல் வேலையாக வண்டி வாங்குகிறார்கள்? வசதிக்காகவோ கௌரவத்துக்காகவோ என்று பலர் சொல்வதை நான் ஏற்கவில்லை. எட்டரைக்குக் கிளம்பினால் ஒன்பது பத்துக்குப் போய்ச் சேருவோம் என்ற நிச்சயத்துக்காகத்தான் அவர்கள் அந்தக் கூடுதல் பணத்தைக் கொடுக்கிறார்கள்.

இந்த நிச்சயம் பஸ்ஸில் ஏன் கிடைப்பதில்லை என்று புரிந்துகொண்டால், எங்கே வீடு பார்ப்பது என்பதும் தானாகப் புரியும். அதனால் இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒரு ரூட்டில் மணிக்கு ஆறு பஸ் என்று வைத்துக்கொள்வோம். பத்து நிமிடத்துக்கு ஒன்றாகச் சீராக வந்தால், எந்த நேரத்தில் ஸ்டாப்புக்குப் போனாலும் சராசரியாக ஐந்து நிமிடம் நிற்க வேண்டியிருக்கும். அதே ஆறு பஸ் மூன்று மூன்றாகச் சேர்ந்து அரை மணிக்கு ஒரு கூட்டமாக வந்தால் சராசரிக் காத்திருப்பு பதினைந்து நிமிடம். பஸ் எண்ணிக்கை மாறவில்லை, டீசல் செலவு மாறவில்லை, டிரைவர் கண்டக்டர் சம்பளமும் மாறவில்லை. டிப்போ கணக்கிலும் மணிக்கு ஆறு டிரிப் சரியாக ஓடியதாகவே இருக்கும். ஸ்டாப்பில் நிற்பவருக்கு மட்டும் காத்திருப்பு மூன்று மடங்காகிவிட்டது. பெரம்பூரிலிருந்து பெசன்ட் நகர் போகும் 29சி போன்ற நீண்ட ரூட்டில் போய்ப் பழகியவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். நெடுநேரம் ஒன்றும் வராது, அப்புறம் ஒன்றன் பின் ஒன்றாக வரும், முதல் பஸ்ஸில் ஃபுட்போர்டு வரை கூட்டம், மூன்றாவதில் உட்கார இடம்.

இதில் டிரைவரின் தப்பு எதுவும் இல்லை. முன்னால் போகும் பஸ் ஏதோ ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் மாட்டிக்கொள்கிறது. அந்த இரண்டு நிமிடத்தில் அடுத்த ஸ்டாப்பில் இன்னும் பத்துப் பேர் சேர்ந்துவிடுகிறார்கள். அவர்கள் ஏறி முடிக்க நேரம் பிடிக்கிறது, பஸ் இன்னும் தாமதமாகிறது, அதற்கடுத்த ஸ்டாப்பில் கூட்டம் இன்னும் அதிகம். பின்னால் வரும் பஸ்ஸுக்கோ ஏற ஆளே இல்லை, வேகமாக வந்து முன்னதைப் பிடித்துவிடுகிறது. ரூட் நீளமாக ஆக, நெரிசலான சந்திப்புகள் கூடக் கூட, இந்தக் கோளாறு பெரிதாகும். இதைச் சரிசெய்ய வழி உண்டு. பின்னால் வரும் பஸ்ஸை வழியிலேயே ஓரிடத்தில் சில நிமிடம் நிறுத்தி இடைவெளியைச் சீராக்கலாம். முன்பு டெர்மினஸில் இருக்கும் டைம் கீப்பருக்கு நடுவழியில் என்ன நடக்கிறது என்றே தெரியாது. இப்போது பஸ்களில் ஜி.பி.எஸ். இருக்கிறது, எந்த பஸ் எங்கே இருக்கிறது என்று பயணிகளே 2022லிருந்து செல்போனில் பார்க்கிறார்கள். அந்தத் தகவலை வைத்து இடைவெளியை ஒழுங்குபடுத்துவதுதான் பணம் அதிகம் தேவைப்படாத, உடனே செய்யக்கூடிய சீர்திருத்தம் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

பஸ் எண்ணிக்கையே குறைவு என்பது வேறு பிரச்சினை. ஒரு லட்சம் மக்களுக்கு 60 பஸ் இருப்பது நல்ல அளவு என்று மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் வரையறுத்திருக்கிறது. சென்னைப் பெருநகரத்தின் மக்கள்தொகை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது, அதற்கு ஆறாயிரம் பஸ் வேண்டும். மாநகர் போக்குவரத்துக் கழகத்திடம் இருப்பது 3,400 அளவில். தினமும் முப்பது லட்சம் பயணங்களுக்கு மேல் இவற்றில்தான் நடக்கின்றன. அந்த பஸ்களும் கார், பைக், தண்ணீர் லாரி எல்லாவற்றோடும் ஒரே சாலையில் போராட வேண்டும். பஸ்ஸுக்கென்று தனித் தடம் சென்னையில் எங்கும் இல்லை. மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி வேறு நடக்கிறது. 118.9 கிலோமீட்டர், 63,246 கோடி ரூபாய்த் திட்டம். பல முக்கியச் சாலைகள் தோண்டப்பட்டதால் ரூட்டுகள் சுற்றிப் போகின்றன, பழகிய ஸ்டாப்புகள் இடம் மாறியிருக்கின்றன.

கட்டணத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். 2018 ஜனவரியில் பஸ் கட்டணம் ஒரேயடியாக உயர்ந்தது, போராட்டங்கள் வெடித்தன, பத்து நாளுக்குள் கொஞ்சம் குறைத்தார்கள். அதற்குப் பிறகு அரசு கட்டணத்தில் கைவைக்கவில்லை. 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண பஸ்களில் பெண்களுக்குப் பயணம் இலவசம், விடியல் பயணம் என்று பெயர். திருநங்கைகளுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் உண்டு. மாநிலத் திட்டக் குழு நடத்திய ஆய்வில் இதனால் ஒரு பெண்ணுக்கு மாதம் சராசரியாக 888 ரூபாய் மிச்சமாகிறது என்று தெரிந்தது. வீட்டு வேலைக்குப் போகிறவர், பூ விற்கிறவர், கடையில் சேல்ஸ் வேலை பார்க்கிறவர் எல்லாருக்கும் அது பெரிய தொகை. பக்கத்துத் தெருவில் குறைந்த சம்பளத்துக்குப் பார்த்த வேலையை விட்டுவிட்டு, தூரத்தில் நல்ல சம்பளம் தரும் வேலையைத் தேட இந்தத் திட்டம் வழிவிட்டிருக்கிறது. இதை வீண் செலவு என்று பேசுகிறவர்களோடு எனக்குச் சம்மதமே இல்லை.

ஆனால் இங்கேயும் காத்திருப்புதான் வந்து நிற்கிறது. இலவசம் வெள்ளை போர்டு வைத்த சாதாரணக் கட்டண பஸ்ஸில் மட்டும்தான். முன்னும் பின்னும் பிங்க் நிறம் அடித்திருப்பதால் இப்போது தூரத்திலேயே தெரியும். மொத்த பஸ்களில் இவை ஏறத்தாழ பாதி. ஸ்டாப்பில் டீலக்ஸ் இரண்டு வரும், போகும், பெண்கள் அசையாமல் நிற்பார்கள். டிக்கெட்டுக்குப் பதில் அரை மணி நேரத்தை அவர்கள் கட்டணமாகக் கொடுக்கிறார்கள். கட்டணத்தை உயர்த்தக் கூடாது என்பது சரி. அதனால் வருமானத்தில் விழும் பள்ளத்தை அரசு காலத்தோடு நிரப்பினால்தான் பழைய பஸ் போய்ப் புது பஸ் வரும். இல்லாவிட்டால் விலை ஏறாத டிக்கெட்டை வைத்துக்கொண்டு வராத பஸ்ஸுக்குக் காத்திருப்போம். 2024இல் தாழ்தளப் பேருந்துகளும், 2025 ஜூன் மாதம் வியாசர்பாடி பணிமனையிலிருந்து மின்சார பஸ்களும் ஓடத் தொடங்கியிருப்பது நல்ல மாற்றம். முழங்கால் வலி உள்ள உங்கள் அம்மா வயதினர் அந்தத் தாழ்தள பஸ்ஸில் யார் உதவியும் இல்லாமல் ஏறுவதைப் பார்க்க உண்மையிலேயே சந்தோஷமாக இருக்கிறது.

மெட்ரோவுக்கு வருவோம். 2015 ஜூன் 29 அன்று கோயம்பேடு – ஆலந்தூர் இடையே தொடங்கியபோது அந்தப் பத்துக் கிலோமீட்டருக்கு 40 ரூபாய். சாமானியர்களுக்கு எட்டாத வண்டி என்று அப்போது எழுந்த விமர்சனம் நியாயமானது. 2021 பிப்ரவரியில் அதிகபட்சக் கட்டணத்தை 70 ரூபாயிலிருந்து 50 ஆக்கினார்கள். தடமும் விம்கோ நகர் வரை நீண்டது. அதன் பிறகுதான் கூட்டம் வந்தது, 2024இல் மட்டும் பத்துக் கோடிப் பயணங்களைத் தாண்டியது. பீக் அவரில் ஆறு நிமிடத்துக்கு ஒன்று, நகரின் நடுப்பகுதியில் அதைவிடவும் அடிக்கடி வருகிறது. தனிப் பாதை என்பதால் சிக்னல், நெரிசல், மாநாடு, ஊர்வலம் எதுவும் அதைத் தடுக்காது. மூன்றில் மிகவும் நம்பத்தகுந்தது இதுதான். இறங்கிய பிறகு ஆபீஸ் வரை போகிற கடைசி ஒன்றிரண்டு கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோவோ சிற்றுந்தோ தேட வேண்டியிருப்பதுதான் அதன் குறை.

மின்சார ரயில் 1931இல் கடற்கரை – தாம்பரம் இடையே ஓடத் தொடங்கியது. இன்றும் நகரத்தின் முதுகெலும்பு அதுதான். வார நாட்களில் காலையும் மாலையும் அடிக்கடி வரும், நம்பலாம். ஞாயிற்றுக்கிழமை ரயில்கள் குறைவு. பராமரிப்புக்காக ரத்து செய்யும் அறிவிப்புகளும் பெரும்பாலும் வார இறுதியில்தான் வரும், முதல் நாள் செய்தித்தாளைப் பார்த்துவிடுவது நல்லது. 2025 ஏப்ரலில் கடற்கரை – செங்கல்பட்டு ஏசி ரயில் வந்தது. கட்டணம் 35 முதல் 105 ரூபாய் வரை, ஆனால் ஒரு நாளைக்குச் சில டிரிப்தான். நேரம் பொருந்தினால் மட்டும் அதை எடுத்துக்கொள்ளுங்கள், அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

பறக்கும் ரயிலின் கதை வேறு. 1995இல் சேப்பாக்கம் வரை, 1997இல் மயிலாப்பூர் வரை, வேளச்சேரிக்கு வந்தபோது 2007. தூண்களின் மேல் போகிற ரயில், எந்த நெரிசலும் தொடாது. ஆனால் நான்காவது பாதை அமைப்பதற்காக 2023 ஆகஸ்ட் 27 அன்று கடற்கரை – சேப்பாக்கம் பகுதியை மூடினார்கள். ஏழு மாதம் என்றார்கள், திறக்கப் பதினான்கு மாதம் ஆனது. அந்த மாதங்களில் பாரிமுனைப் பக்கம் வேலைக்குப் போனவர்கள் சேப்பாக்கத்தில் இறங்கி பஸ்ஸோ ஆட்டோவோ பிடித்தார்கள், பலர் வண்டியே வாங்கிவிட்டார்கள். ஒரு முறை வண்டி வாங்கியவர் மறுபடி சீசன் டிக்கெட்டுக்குத் திரும்புவது அபூர்வம். வேளச்சேரியிலிருந்து பரங்கிமலை வரை ஐந்து கிலோமீட்டர் நீட்டிப்பு வேலை 2008இல் தொடங்கியது. ஆதம்பாக்கம் அருகே அரை கிலோமீட்டர் நிலத்துக்கான வழக்குகளால் பதினைந்து வருடத்துக்கு மேல் இழுத்தது. திறப்பு விழாத் தேதிகளை நம்பி வீடு பார்க்காதீர்கள். எந்தப் பாதையானாலும் ரயில் ஓடத் தொடங்கிய பிறகு கணக்கில் சேருங்கள்.

மூன்றையும் இணைப்பதில்தான் சென்னை அதிகம் தவறியிருக்கிறது. நீங்கள் மதுரைக்காரர் என்பதால் இது உடனே உங்களைத் தொடும். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டது, தென்மாவட்ட பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. வாசலிலேயே தாம்பரம் – செங்கல்பட்டு ரயில் பாதை ஓடுகிறது, ஆனால் திறந்தபோது அங்கே ரயில் நிலையம் இல்லை. இத்தனை பெரிய முனையத்தை ரயில் நிற்காத இடத்தில் திறந்தது பெரும் பிழை. விடியற்காலை நாலு மணிக்கு மூட்டை முடிச்சோடு இறங்குகிறவர்கள் அதற்கு விலை கொடுத்தார்கள். ஊருக்குப் போய் வர வைகையோ பாண்டியனோ பிடித்துத் தாம்பரத்தில் இறங்குவதுதான் உங்களுக்குச் சிரமம் குறைந்த வழி.

போக்குவரத்தையெல்லாம் ஒரே கூரையின் கீழ் கொண்டுவரும் ஆணையத்துக்கு, கும்டா என்பார்கள், 2010லேயே சட்டம் வந்தது. முதல்வர் தலைமையில் அதன் முதல் கூட்டம் நடந்தது 2022 நவம்பரில். அது 2025 செப்டம்பரில் கொண்டுவந்த சென்னை ஒன் செயலியில் பஸ், மெட்ரோ, மின்சார ரயில் மூன்றுக்கும் சேர்த்து ஒரே கியூஆர் டிக்கெட் எடுக்கலாம். நல்ல வசதி, முதல் நாளே போனில் போட்டுக்கொள்ளுங்கள். ஆனால் ஒவ்வொன்றின் கட்டணமும் தனித்தனியாகத்தான் சேர்கிறது. ஒரு பயணத்துக்கு மூன்று வண்டி மாறினால் மூன்று குறைந்தபட்சக் கட்டணம். மூன்றுக்கும் சேர்த்து ஒரு மாதப் பாஸ் வந்தால் எத்தனையோ பேர் வண்டியை வீட்டில் நிறுத்திவிடுவார்கள்.

சரி, உங்கள் வீட்டுக்கு வருவோம். என் யோசனை வேளச்சேரி, அதிலும் பறக்கும் ரயில் நிலையத்துக்கு நடந்து போகிற தூரத்தில். அங்கிருந்து உங்கள் மனைவிக்குப் பெருங்குடி, தரமணி தாண்டி மூன்றாவது நிறுத்தமான திருவான்மியூரில் இறங்கினால் டைடல் பார்க் எதிரிலேயே இருக்கிறது. டிக்கெட் ஐந்து ரூபாய்தான். ரயில் அடிக்கடி இல்லை, அதனால் நேரத்தைத் தெரிந்துகொண்டு அதற்கேற்ப வீட்டிலிருந்து கிளம்புவது பழகிவிடும். உங்களுக்குக் கிண்டி ஐந்தாறு கிலோமீட்டர். டி70 உட்படப் பல ரூட் பஸ்கள் அந்தச் சாலையில் போகின்றன. நான் முன்னால் சொன்ன கூட்டமாக வரும் பிரச்சினைக்கு இதுவே நல்ல மருந்து. ஒரே ஒரு எண்ணுக்குக் காத்திருக்க வேண்டிய ஸ்டாப்பைவிட, எந்த எண் வந்தாலும் ஏறக்கூடிய ஸ்டாப்பில் காத்திருப்பு எப்போதும் குறைவு. தெரு உள்ளே அரை கிலோமீட்டர் தள்ளி வாடகை கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும் ஸ்டாப்புக்குப் பக்கத்திலேயே பாருங்கள்.

வேளச்சேரியில் ஒரு ஆபத்தும் உண்டு: தண்ணீர். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் அந்தப் பகுதியின் பல தெருக்கள் மூழ்கின. வீட்டு உரிமையாளரிடம் கேட்காதீர்கள், பக்கத்து மளிகைக் கடையிலோ இஸ்திரி போடுகிறவரிடமோ 2023இல் எந்தப் படி வரை தண்ணீர் நின்றது என்று கேளுங்கள். திருப்தியாக இல்லாவிட்டால் குரோம்பேட்டை பாருங்கள். உங்களுக்கு மின்சார ரயிலில் கிண்டி நேர் வழி, நம்பகமான வழி. மனைவிக்குத்தான் வண்டி மாறிப் போகும் சிரமம். இரண்டு பேரில் யாருக்கு அலுவலக நேரம் கறாரானது என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பெரம்பூர், வில்லிவாக்கம் பக்கம் வேண்டாம். சென்ட்ரலில் இறங்கிப் பூங்கா நிலையத்துக்கு நடந்து வேறு ரயில் பிடிக்க வேண்டும், அது தினப்படி அலுப்பு.

மகளுக்கும் அம்மாவுக்கும் வெள்ளை போர்டு பஸ்ஸில் செலவே இல்லை. அம்மா சென்னை முகவரிச் சான்றோடு விண்ணப்பித்தால் மூத்த குடிமக்களுக்கான மாதம் பத்து இலவச டோக்கனும் கிடைக்கும். பள்ளியை மட்டும் நடந்து போகிற தூரத்தில் பாருங்கள், பதினொரு வயதுப் பிள்ளையைக் காலை எட்டு மணிக் கூட்டத்தில் பஸ் ஏற்றி விடுவது நல்ல யோசனை இல்லை. மொத்தத்தில் உங்களுக்கு 1,000 ரூபாய்ப் பாஸ், மனைவிக்கு 100 ரூபாயை ஒட்டிய சீசன் டிக்கெட், மழை நாளுக்கும் ஆஸ்பத்திரி, கல்யாணம் என்று போவதற்கும் ஆட்டோச் செலவாக ஆயிரத்தைந்நூறு எடுத்து வையுங்கள். மீட்டர் கட்டணம் 2013இல் நிர்ணயித்ததோடு நிற்பதால் ஆட்டோக்காரர்கள் அதற்கு வரமாட்டார்கள், செயலி காட்டும் விலையை வைத்துப் பேசுங்கள். ஆக மாதம் மூவாயிரத்துக்குள் குடும்பத்தின் போக்குவரத்து முடிந்துவிடும்.

முன்பணம் கொடுப்பதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ஏதாவது ஒரு திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு அந்த வீட்டு வாசலிலிருந்து கிளம்பி நீங்கள் கிண்டிக்கும் மனைவி டைடலுக்கும் போய்ப் பாருங்கள், அன்றைக்கே இரவு ஒன்பதுக்கு மேல் திரும்பியும் வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் போய்ப் பார்த்து முடிவு செய்தால் தெருவும் காலி, பஸ்ஸும் காலி, எந்த வீடும் பக்கத்தில் இருப்பதாகத்தான் தோன்றும்.